மரிக்கொழுந்தின் குடிபெயர்ச்சி

பூக்கடையில் பூ அல்லாத சரக்கு ஒன்று உண்டு. மல்லிகையும் முல்லையும் கனகாம்பரமும் கூடை கூடையாகக் குவிந்திருக்க, அவற்றுக்கு ஓரத்தில் ஈரச் சாக்கைப் போர்த்துக்கொண்டு, சாம்பல் படர்ந்தாற்போன்ற நிறத்தோடு சிறு சிறு கட்டுகளாக அது கிடக்கும். கண்ணைப் பறிக்கும் இதழ் எதுவும் அதற்கு இல்லை. ஆயினும் இடையிடையே அதைக் கிள்ளி வைத்துத் தொடுக்காத கதம்பத்தைக் கதம்பம் என்று நம் வீட்டுப் பெண்மணிகள் ஒப்புக்கொள்வதில்லை. மரிக்கொழுந்தைத்தான் சொல்லுகிறோம்.

தோவாளையிலும் நிலக்கோட்டையிலும் கூடும் மலர்ச் சந்தைகளில் இது எடை போட்டு விற்கப்படுகிறது. தமிழ்நாட்டில் மட்டும் அல்லாமல் கர்நாடகம், ஆந்திரம், மராட்டியம் ஆகிய பிரதேசங்களிலும் குடியானவர்கள் இதைப் பயிர் செய்கிறார்கள். செடியை ஆவியில் வைத்துத் தைலம் இறக்கி, அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் ஐரோப்பாவுக்கும் அனுப்புகிறார்கள். அந்தத் தைலத்தின் மணம் ஒவ்வொருவர் மேனியிலும் ஒவ்வொரு விதமாகத் தோன்றும் என்று வாசனைத் திரவியம் செய்வோர் சொல்லுகிறார்கள். இப்படிக் கடல் கடந்து செல்லும் பெருமை வாய்ந்த நமது சுதேசச் செடி, நாற்றங்காலிலிருந்து நம் வீட்டு வாசல் தொட்டிக்கு வந்து சேர்ந்தவுடன் மட்டும் ஏன் பிராணனை விட்டு விடுகிறது?

“எங்கள் வீட்டில் மரிக்கொழுந்து பிடிப்பதே இல்லை; அதற்கெல்லாம் கைராசி வேண்டும்” என்று சொல்லாத குடும்பம் அருமை. கைராசியின் மீது நமக்கு விரோதம் ஒன்றும் இல்லை. ஆனால் நாம் பார்த்த வரையில், நாற்றைப் பெயர்த்து ஊன்றுகிற அந்த ஒரு மாலைப் பொழுதும், அதை அடுத்து வரும் ஏழெட்டு நாட்களுமே இச்செடியின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. அந்த நாட்களில் அது மடிவதற்குக் காரணம் பெரும்பாலும் கவனக் குறைவு அன்று. கரை கடந்த அன்பே. அந்த அன்பு தண்ணீர்ச் செம்பின் உருவத்தில் வருகிறது.

ஒரு நாற்றுச் செத்தால் வேறொரு நாற்று வைத்துக்கொண்டால் போயிற்று என்று சிலர் எண்ணலாம். ரோஜாவுக்கும் செம்பருத்திக்கும் அது சரி. மரிக்கொழுந்தின் விஷயம் வேறு. இது ஒரு பருவத்துச் செடி. முளைத்து, வளர்ந்து, பூத்து, விதைத்து, சில மாதங்களில் தன் வாழ்வை முடித்துக்கொள்கிறது. விதையோ கடுகிலும் மிகச் சிறிது. அதன் முளைக்கும் சக்தியும் நெடுநாள் நிற்பதில்லை. சென்ற பருவத்தில் எடுத்த விதையே இந்தப் பருவத்துக்கு உதவும். அதற்கு முந்தியது மண்ணுக்குச் சமானம். ஆகவே, தலைமுறை தலைமுறையாக ஒரு வீட்டில் காத்து வந்த விதை, ஒரே ஒரு வருஷம் நாற்றுகள் நட்ட இடத்தில் அழுகிப் போனால், அந்த வீட்டை விட்டு அடியோடு போய்விடும். முன்பெல்லாம் கொல்லைப்புறத்தில் மரிக்கொழுந்துப் பாத்தி வைத்திருந்த குடும்பங்கள் பல, இன்று கடைக்குச் சென்று கட்டு வாங்குவது இவ்வாறு நேர்ந்ததுதான். யாரும் வேண்டும் என்று கைவிடவில்லை. ஏதோ ஓர் ஆண்டில் நாற்றுப் பிடிக்கவில்லை. அடுத்த ஆண்டுக்கு விதை இல்லை.

கடையில் வாங்கிய கட்டிலிருந்தே ஒரு கொத்தை மண்ணில் செருகிப் பார்க்கும் வழக்கமும் உண்டு. பெரும்பாலும் அது அழுகும். தப்பிப் பிழைத்தாலும் பெரிய பிரயோஜனம் இல்லை. கட்டில் வந்த கொம்பு பூக்கும் வயதை நெருங்கியது. ஆகையால் வேர் விட்ட கையோடு பூத்துத் தன் கணக்கை முடித்துக்கொள்ளும். இளநாற்றுக்கு ஈடு இளநாற்றுத்தான்.

இதற்குத் தவனம் என்றும் பெயர் வழங்குகிறது, வடமொழியில் தமனகம். காஞ்சீபுரம் வரதராஜப் பெருமாள் சந்நிதியில் தவன உற்சவம் என்றே ஓர் உற்சவம் நடைபெறுவது பலருக்குத் தெரிந்திருக்கும். தாவர சாஸ்திரிகள் இதை ஆர்ட்டிமீசியா பாலென்ஸ் என்று அழைக்கிறார்கள். பெயரின் பிற்பகுதிக்கு லத்தீன் பாஷையில் ‘வெளிறியது’ என்று பொருள். கல்கத்தாத் தாவரத் தோட்டத்தின் தலைவராக இருந்த டென்மார்க் தேசத்து வாலிச் என்பவர் இட்ட பெயர் அது. வெளிறியதாம்! வெள்ளி பூசியது என்று அவர் வைத்திருந்தால் நமக்கு இன்னும் திருப்தியாக இருந்திருக்கும். நமது மாசிபத்திரியும் இதே குலத்தைச் சேர்ந்ததே. சீன தேசத்தில் இதன் உறவுச் செடி ஒன்றிலிருந்து மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்து கண்டறிந்த டூ யூயூ என்ற அம்மைக்கு 2015-ஆம் வருஷம் நோபல் பரிசு கிடைத்தது. ஆக, மரிக்கொழுந்து சாமானியக் குடும்பத்தில் பிறந்தது அன்று.

மணத்தை ஒதுக்கி வைத்து, வெறும் அலங்காரத்துக்காகவே வளர்ப்பதானாலும் இது உயர்ந்த செடி. ஒன்றரை அடி முதல் இரண்டு அடி உயரம் வளரும். நூல் நூலாகப் பிளந்த இலைகள். அவற்றின்மேல் வெள்ளிப் பொடி தூவினாற்போன்ற ஒரு மினுமினுப்பு. பச்சை இலைகளும் சிவப்புப் பூக்களும் நிறைந்த பாத்திக்கு இதை விளிம்பாக வைத்தால், கருநீலப் புடவைக்கு வெள்ளிச் சரிகை வைத்ததுபோல் இருக்கும். நிலவு காயும் இரவில் பார்த்தவர்களுக்கு இதன் அழகை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. நடைபாதை ஓரத்தில் வைப்பது விசேஷம். போகிறவர்களின் புடவைத் தலைப்பு உரசினாலே போதும், வீடு வரையில் மணம் கூடவே வரும்.

பெரிய நகரங்களில் செடி விற்கும் தோட்டங்களுக்குச் சென்று, ‘வெள்ளி இலைச் செடி வேண்டும்’ என்று கேட்டால், டஸ்ட்டி மில்லர் என்ற ஐரோப்பியச் செடியைக் கையில் கொடுக்கிறார்கள். மத்தியதரைக் கடற்கரையில் பிறந்தது அது. மாவு அரைக்கும் இயந்திரக்காரன் உடம்பெல்லாம் மாவு படிந்து நிற்பதுபோல் இருப்பதால் அந்தப் பெயர். அழகான செடிதான், மறுக்கவில்லை. உதகமண்டலத்துக் குளிருக்கு அது சுகமாக இருக்கும். நம் சமவெளியில் பங்குனி வெயில் ஏறியதும் முகம் சுளித்துக்கொள்ளும். குளிர் மாதங்களில் மட்டும் அழகு காட்டும் வெள்ளி விளிம்பு நமக்குப் போதுமானால், அதை நம் மரிக்கொழுந்தே செய்யும். அதனிடம் இல்லாத மணத்தையும் சேர்த்துக் கொடுக்கும்.

இனி, அந்த வெள்ளி எப்படி வந்தது என்று பார்ப்போம். இதைத் தெரிந்துகொள்ளாமல் நடவைப் பற்றிப் பேசுவது வீண்.

இலையில் வெள்ளை நிறம் என்று தனியாக ஒன்றும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய மயிர்கள் இலையின்மேல் பஞ்சுபோல் அடர்ந்திருக்கின்றன. அவற்றின் நடுவே காற்று அடைபட்டு நிற்கிறது. வெளிச்சம் அதில் பட்டு நாலா பக்கமும் சிதறுவதால் நம் கண்ணுக்கு வெண்மையாகத் தோன்றுகிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு நாம் இதை ஒரு கிண்ணம் தண்ணீரைக் கொண்டே விளக்குவது வழக்கம். ஓர் இலையைத் தண்ணீரில் அமுக்கி விரலால் மெல்லத் தடவினால், மயிர்களின் இடையில் இருந்த காற்று வெளியேறித் தண்ணீர் புகுந்துவிடும். வெள்ளி மறைந்து வெறும் பச்சை இலை எஞ்சும். உலர்ந்ததும் வெள்ளி திரும்பும். பிள்ளைகள் ஏதோ கண்கட்டு வித்தை என்று வாயைப் பிளப்பார்கள்.

இந்தப் பஞ்சுப் போர்வை செடிக்குக் குடையாக உதவுகிறது. வெயிலின் கடுமையில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. வறண்ட காற்று இலையை நேரே தீண்டாமல் தடுத்து, உள்ளே இருக்கும் ஈரம் விரைந்து போகாமல் காக்கிறது. வெயிலுக்கும் வறட்சிக்கும் தயாராகப் பிறந்த செடி என்பதற்கு அதுவே அடையாளம். ஆனால் அதே பஞ்சு ஈரத்தை விரைவில் விடுவதும் இல்லை. மழைத் தண்ணீரோ, நாம் தலையோடு ஊற்றும் தண்ணீரோ அதில் தங்கினால், இலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பூஞ்சணம் பிடித்து, அடியிலிருந்து கறுத்து வரும். வெயிலைப் பொறுக்கும், ஈரத்தைப் பொறுக்காது என்ற இந்தச் சுபாவத்தை மனத்தில் வைத்துக்கொண்டால், மேலே சொல்லப்போகும் ஒவ்வொன்றுக்கும் காரணம் தானே விளங்கும்.

கார்த்திகை பிறந்து, அடைமழை சற்று ஓய்ந்த சமயத்தில் விதைப்பது நம் பக்கத்துக்குப் பொருத்தம். தரைமட்டத்துக்கு நாலு அங்குலம் உயர்த்திய சிறு பாத்தியோ, அடியில் துவாரமுள்ள அகன்ற மண் சட்டியோ போதும். புகையிலை நாற்று விடுவோர் பாத்தியின்மேல் சருகைப் பரப்பி எரிப்பது வழக்கம். மண்ணில் உள்ள அழுகல் வித்துக்களும் களை விதைகளும் அதனால் மாயும். மரிக்கொழுந்துக்கும் அந்த உபாயம் நல்லது. விதையை மணலோடு கலந்து ஈரத்துணியில் முடிந்து இரண்டு நாள் வைத்திருந்து பிறகு தூவினால் முளை ஒரே சீராக வரும். மேலே மண் போட்டு மூட வேண்டாம். மெல்லிய மணல் தூவினால் போதும். மூன்று நாலு நாளில் பச்சைத் தூசிபோல் முளைகள் தெரியும். எதிர்பாராமல் மழை வந்தால் பாத்தியின்மேல் ஒரு கீற்றுப் பந்தல் அவசியம். நாற்றங்காலில் நெருக்கமும் ஈரமும் மிகுந்தால், அடித்தண்டு நூல்போல் சுருங்கி, நாற்றுக்கள் ஒரே இரவில் சாய்ந்துவிடும். ஆகையால் நெருக்கமான இடத்தில் கலைத்து விடுவதற்குத் தயங்கக் கூடாது. முளைத்ததை எல்லாம் வாழவைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒன்றும் வாழாது.

ஆறு வாரத்திலிருந்து எட்டு வாரத்துக்குள் நாற்று நாலு அங்குல உயரம் வரும். தை பிறக்கும் வேளை. அதுதான் குடிபெயர்க்கும் முகூர்த்தம். மழை போய்விட்டது, வெயில் இன்னும் கடுமையாகவில்லை, இரவில் பனி உண்டு. இதைத் தவறவிட்டு மாசி கடைசியில் நட்டால், வேர் பிடிப்பதற்குள் வெயில் முந்திக்கொள்ளும். செடியும் வளராமலே பூக்க ஆரம்பித்துவிடும்.

நடுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே நாற்றுக்குத் தண்ணீரைக் குறைத்து வெயிலைக் கூட்ட வேண்டும். செல்லமாக வளர்ந்த பெண்ணைப் புக்ககத்துக்கு அனுப்புமுன் நாலு வேலை பழக்குவதுபோல் என்று நம் பாட்டிமார் சொல்லுவார்கள். இக்காலத்துப் பெண்கள் அந்த உவமையை ஒப்பமாட்டார்கள். ஆனால் நாற்றைப் பொறுத்தவரை அது முற்றிலும் உண்மை. தண்ணீர் குறைந்தால் தண்டு முறுக்கேறும். வேரும் தண்ணீரைத் தேடிப் பரவும். நடுகிற அன்று மட்டும், பிடுங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் பாத்தியை நன்றாக நனைத்து விட வேண்டும். மண் வேரோடு ஒட்டிக்கொண்டு வருவதற்காக இது.

‘பிடுங்குவது’ என்று எழுதினோமே தவிர, பிடுங்கவே கூடாது. நெல் நாற்றைக் கொத்தாகப் பற்றி இழுத்து, வேரை அலசி, முடிச்சுக் கட்டி வீசிப் பழகிய தேசம் நம்முடையது. சேற்றில் பிறந்து சேற்றில் நடப்படும் நெல் அதைப் பொறுக்கும். மரிக்கொழுந்து பொறுக்காது. கண்ணுக்குத் தெரியும் வேர் தண்ணீரை உறிஞ்சுவதில்லை. அதன் நுனிக்குச் சற்றுப் பின்னால் முளைத்திருக்கும், புகையினும் மெல்லிய வேர்த்தூவிகளே உறிஞ்சுகின்றன. மண்ணிலிருந்து வேரை இழுத்தால் தூவிகள் மண்ணோடு தங்கிவிடும். வெறும் வேர் நம் கைக்கு வரும். புதிய தூவிகள் முளைக்கும் வரையில் அந்தச் செடி, வாய் இல்லாத பிள்ளையைப் போலத்தான். எனவே, தட்டையான மூங்கில் குச்சியையோ பழைய கரண்டிக் காம்பையோ நாற்றின் பக்கத்தில் ஆழச் செருகி, நெம்பி, மண்கட்டியோடு எடுக்க வேண்டும். தூக்கும்போது தண்டைப் பிடிக்காமல் இலையைப் பிடிப்பது நல்லது. ஓர் இலை கசங்கினால் வேறு இலை வரும். தண்டு நசுங்கினால் செடியே இல்லை.

புதிய இடத்து மண் நீர் தேங்காததாக இருக்க வேண்டும். தொட்டியானால் செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய சாணி எரு ஒரு பங்கு. ஆற்று மணல் இப்போது தங்கத்தைப்போல் அரிதாகிவிட்டதால், பொடித்த செங்கல்லை அதற்குப் பதிலாகச் சேர்க்கலாம். தேங்காய் நார்க் கழிவை மட்டும் அளவறிந்து உபயோகிக்க வேண்டும். அது தண்ணீரை விடாப்பிடியாகப் பிடித்து வைத்துக்கொள்வது. பச்சை எருவும் உதவாது. புண்ணான வேரை அது சுட்டுவிடும்.

மாலை நாலரை, ஐந்து மணிக்கு மேல் நட ஆரம்பிக்கலாம். பாத்தியில் வரிசைக்கு வரிசை 6 அங்குலமும் செடிக்குச் செடி 3 அங்குலமும் விடுவது வயலில் உள்ள வழக்கம். அலங்காரத்துக்கு வைப்பவர்கள் 6 அங்குலத்துக்குக் குறையாமல் விட்டால் செடி புதராகப் படரும். பத்து அங்குலத் தொட்டிக்கு மூன்று நாற்றுக்கு மேல் வேண்டாம். வேர் மடங்காமல் நேரே இறங்கும்படி குழி இருக்க வேண்டும். நாற்றங்காலில் எந்த மட்டத்தில் மண் இருந்ததோ, அதே மட்டத்தில் இங்கேயும் இருக்கட்டும். ‘ஆழமாக ஊன்றினால் உறுதியாக நிற்கும்’ என்று எண்ணி அடி இலைகள் மண்ணில் புதையும்படி நடுகிறவர்கள் உண்டு. புதைந்த பஞ்சு இலை அழுகும்; அந்த அழுகல் தண்டுக்கு ஏறும். கத்தரி நாற்றுக்குச் செய்கிற காரியத்தை இதற்குச் செய்யக் கூடாது.

நட்டவுடன் தண்ணீர் கட்டாயம் வேண்டும். அதைத் தலையில் ஊற்றாமல் காலில் ஊற்ற வேண்டும். நம் பழைய வீடுகளில் மூக்கு வைத்த கெண்டி ஒன்று இருக்குமே, அதைவிட இதற்குப் பொருத்தமான பாத்திரம் வேறு இல்லை. கெண்டியின் மூக்கைத் தண்டருகில் மண்ணின்மேல் சாய்த்துப் பிடித்தால் இலை நனையாமல் வேர் நனையும். பூவாளி இந்தச் செடிக்கு எமன்.

மறுநாள் முதல் நாலைந்து நாளைக்கு நிழல் தேவை. வேரால் உறிஞ்ச முடியாதபோது இலை செலவழிக்கக் கூடாது என்பதே இதன் தாத்பரியம். வருமானம் நின்ற வீட்டில் செலவைச் சுருக்குவதில்லையா? வாழைப் பட்டையை அரையடி நீளத்துக்கு நறுக்கிக் கூரைபோல் கவிழ்க்கலாம். அல்லது பனையோலையை மேற்குப் பக்கத்தில் செருகி வைக்கலாம். தொட்டியானால் தூக்கித் தாழ்வாரத்தில் வைத்துவிடலாம். மாலையில் பட்டையை எடுத்துவிட்டுக் காலையில் எட்டு மணிக்குக் கவிழ்ப்பது உத்தமம். காற்றோட்டம் இல்லாமல் மூடியே வைத்தால் பூஞ்சணத்துக்கு விருந்து வைத்ததாகும். ஐந்து நாளுக்குப் பிறகு நிழலில் வைத்துக்கொண்டிருப்பதும் தவறு. நிழலில் வளரும் மரிக்கொழுந்து நெட்டையாக ஓடும், வெள்ளி குறைந்து பச்சை தட்டும், மணமும் மெலியும்.

இங்கேதான் வீட்டாருக்கு உண்மையான சோதனை வருகிறது. நட்ட மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்குப் போய்ப் பார்த்தால், நாற்றுக்கள் எல்லாம் தலை சாய்ந்து கிடக்கும். மனம் பதறும். ஒரு செம்பு தண்ணீர். இரண்டு மணிக்குப் பார்த்தால் இன்னும் சாய்ந்திருக்கும். இன்னொரு செம்பு. மாலையில் பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்ததும் அவர்கள் பங்குக்கு ஒரு செம்பு. மூன்றாம் நாள் காலையில் செடி எழுந்திருப்பதில்லை.

வாடலிலே இரண்டு ஜாதி உண்டு. வெயில் நேரத்தில் தொங்கி, வெயில் தாழ்ந்ததும் தானே நிமிர்ந்துகொள்வது ஒன்று. வேர் தன் வேலையை ஆரம்பித்துவிட்டது, ஆனால் உச்சிவேளைச் செலவுக்கு ஈடு கொடுக்கப் போதவில்லை என்பது அதன் பொருள். அதற்கு மருந்து நிழலே தவிரத் தண்ணீர் அன்று. மற்றொன்று, விடியற்காலையிலும் நிமிராமல் கிடப்பது. அதைக் கண்டால் செம்பைத் தேடுமுன் விரலைத் தேட வேண்டும். ஆள்காட்டி விரலை ஓர் அங்குல ஆழம் மண்ணில் விட்டுப் பாருங்கள். உலர்ந்திருந்தால் தண்ணீர் விடுங்கள். ஒரு மணி நேரத்தில் நிமிரும். ஈரமாக இருந்தும் செடி வாடியிருக்குமானால், வேர் மூச்சு விட முடியாமல் அழுகத் தொடங்கிவிட்டது என்று அறிய வேண்டும். ஆம், வேருக்கும் மூச்சு உண்டு. மண் அணுக்களின் இடுக்கில் உள்ள காற்றை அது உட்கொள்கிறது. இடுக்கெல்லாம் தண்ணீர் நிரம்பினால் காற்றுக்கு இடம் ஏது? தண்ணீருக்கு நடுவே நின்றுகொண்டு தாகத்தால் மடிவது என்பது இதுதான். வறட்சியால் வாடும் செடியும் நீர் மிகுந்து அழுகும் செடியும் பார்வைக்கு ஒரே மாதிரி தொங்குவதால்தான் இத்தனை விபரீதமும். நீர் மிகுந்த செடிக்குத் தண்ணீரை நிறுத்தி, சுற்றிலும் மண்ணைக் குச்சியால் மெல்லக் கிளறிக் காற்றுப் புகும்படி செய்து, நிழலில் விட்டுவிட வேண்டும். சில பிழைக்கும், முற்றிவிட்டது பிழைக்காது. பிழைக்காததை உடனே பிடுங்கி அப்புறப்படுத்தினால் அடுத்தது தப்பும்.

பொதுவாக, முதல் மூன்று நாள் தினம் ஒரு வேளை சிறிதளவு; பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள்; கொழுந்தில் புதிய இலை விரிந்தது கண்ட பிறகு, மேல்மண் உலர்ந்தால் மட்டுமே. புதிய இலைதான் வேர் பிடித்ததற்குச் சாட்சி. பழைய அடி இலைகள் இரண்டொன்று பழுத்து உதிர்ந்தால் அதற்காகத் துக்கப்பட வேண்டாம். செடி தன் சுமையைத் தானே குறைத்துக்கொள்கிறது. ஆறு அங்குலம் வளர்ந்ததும் நுனிக் கொழுந்தைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளைகள் அடர்ந்து வரும். கிள்ளிய கொழுந்து அன்றைய பூச்சரத்துக்கு.

கடையிலிருந்து பிளாஸ்டிக் பையில் வரும் நாற்றுக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவை பெரும்பாலும் நிழல் வலையின் அடியில், தேங்காய் நாரில் வளர்ந்தவை. கொண்டு வந்த அன்றே வெயிலில் நடாமல் மூன்று நாலு நாள் தாழ்வாரத்தில் வைத்து வெயிலைச் சிறிது சிறிதாகக் காட்டிப் பழக்க வேண்டும். பையைக் கிழித்தால் வேர் உருண்டை சுருண்டு கிடக்கக் காணலாம். வெளிச்சுற்றை மட்டும் விரலால் மெல்லத் தளர்த்தி விட வேண்டும். நார் உருண்டை ஈரமாகவும் சுற்றியுள்ள மண் உலர்ந்தும் இருப்பதும், அதற்கு மாறாக இருப்பதும் சகஜம். ஆகையால் விரலை இரண்டு இடத்திலும் விட்டுப் பார்ப்பது நலம்.

மற்ற வெள்ளி இலைச் செடிகளுக்கும் இந்த முறை ஏறக்குறைய அப்படியே பொருந்தும். டெக்சாஸ் பிரதேசத்திலும் மெக்சிகோவிலும் இயற்கையாக வளரும் லூக்கோஃபில்லம் என்ற புதர்ச் செடி நம் நகரத் தோட்டங்களில் காணப்படுகிறது. ‘வெண்ணிலை’ என்பதே அப்பெயரின் பொருள். காற்றில் ஈரம் ஏறியதும் ஊதா நிறப் பூக்களைச் சொரியும். 2005-ஆம் வருஷத்தில் டெக்சாஸ்காரர்கள் அதைத் தங்கள் ராஜ்யத்தின் உரிமைப் புதராகவே அறிவித்துக்கொண்டார்கள். அதுவும் நீர் தேங்கினால் சாகும். வெயிலில் குறைவு வைத்தால் சோம்பும். நம் ஊர்த் தரிசில் வெண்பஞ்சு போர்த்து நிற்கும் எருக்கும் அந்த ஜாதியே. பிள்ளையாருக்கு உகந்தது என்று, எங்கோ நிற்கும் முதிர்ந்த வெள்ளெருக்கைத் தோண்டி வந்து வீட்டில் நட்டுப் பார்த்து ஏமாறுகிறவர்கள் பலர். அதன் ஆணிவேர் எவ்வளவு ஆழம் போகிறது என்று தோண்டியவர்களுக்குத்தான் தெரியும்; பாதியில் அறுந்த வேரோடு எந்தச் செடி பிழைக்கும்? நாலு இலைக் கன்றாக இருக்கும்போது எடுத்தால் தாராளமாக வரும். மாசிபத்திரியோ இவ்வளவு உபசாரம் கேட்பதில்லை. வேரோடு ஒரு துண்டைக் கிள்ளி வைத்தால் பிடித்துக்கொள்ளும் நல்ல சுபாவம் அதற்கு.

மாசியிலும் பங்குனியிலும் மரிக்கொழுந்து தன் முழு மணத்தோடு நிற்கும். பொத்தான்போன்ற மிகச் சிறிய மஞ்சள் மொட்டுக்கள் தோன்றும் சமயத்தில் அறுத்தால் மணம் உச்சத்தில் இருக்கும். அடியில் சிறிது விட்டு அறுத்தால் மறுபடியும் துளிர்த்து இன்னொரு முறை கொடுக்கும். ஆனால் எல்லாவற்றையும் அறுத்துவிடக் கூடாது. பாத்தியில் திடமாக இருக்கும் ஐந்தாறு செடிகளை முன்கூட்டியே தேர்ந்து, ஒரு நூலைக் கட்டி அடையாளம் செய்து, தாயாரானாலும் கிள்ளக் கூடாது என்று வீட்டில் உத்தரவு போட்டுவிட வேண்டும். சித்திரை வாக்கில் அந்த மொட்டுக்கள் காய்ந்து பழுப்பு நிறம் அடையும். காலைப் பனி உலர்ந்த பிறகு, காற்று இல்லாத வேளையில், வெள்ளைத் துணியை அடியில் பிடித்துக்கொண்டு தலைகளைக் கொய்ய வேண்டும். நிழலில் நாலு நாள் உலர்த்தி, உள்ளங்கையில் தேய்த்து, உமியை ஊதிவிட்டால் பொடிபோன்ற விதை நிற்கும்.

அதைக் காகிதப் பொட்டலமாகக் கட்டி, மேலே வருஷத்தையும் மாதத்தையும் எழுதி, ஈரம் தாக்காத டப்பாவில் வையுங்கள். ஒரே பொட்டலமாக வேண்டாம். இரண்டாகக் கட்டி, ஒன்றை அடுத்த வீட்டில் கொடுத்து விடுங்கள். கார்த்திகையில் அவர்களும் விதைக்கட்டும். ஒரு வருஷம் நம் பாத்தியில் மழை புகுந்து நாற்றெல்லாம் போய்விட்டாலும், அவர்கள் பாத்தியிலிருந்து பத்து நாற்றுக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.